கிளப்பில் ரெக்கார்டு போடும் கருப்பையா, சூசைக்கு எழுதுவது

என் அன்பான சூசை மச்சானுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். வரி மேலே ஏறும், கீழே இறங்கும். ஒவ்வொரு ‘ழ’வும் ஒவ்வொரு அளவில் இருக்கும். நேற்றுச் சாயங்காலம் ஆரம்பித்தேன், இந்த இடத்துக்கு வர இன்று மத்தியானம் ஆகிவிட்டது. பென்சிலை இவ்வளவு அழுத்திப் பிடிக்காதீங்க என்று டீச்சர் சொல்லுகிறார். முப்பது வருஷம் பங்காக் கயிறு பிடித்த கை இது. தளர்த்தினால் கீழே விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஆமாம் மச்சான், நான்தான் எழுதுகிறேன். யாரையும் உட்காரவைத்து எழுதச் சொல்லவில்லை. சிரிக்கிறாயா?

வாசகசாலையில் எங்களுக்கு முதியோர் வகுப்பு நடக்கிறது. யாருக்காவது ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவாங்க என்று டீச்சர் சொன்னார். எல்லாரும் மகனுக்கும் மருமகனுக்கும் எழுதினார்கள். செத்துப்போனவருக்கு எழுதலாமா என்று நான் கேட்டேன். “தாராளமா எழுதுங்க ஐயா. ஆனா சுவத்துல ஒட்டுவேன், எல்லாரும் படிப்பாங்க” என்றார். படிக்கட்டும். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

நீ ஆவூர்க்காரன். புதுக்கோட்டையில் ஆபீசர்கள் கூடுகிற கிளப்புக்குச் சமையல்காரன். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவன். நான் இலுப்பூர்க்காரன், அதே கிளப்பில் பங்கா இழுத்தவன். கூரையில் பெரிய துணி விசிறி தொங்கும், அதன் கயிறு சுவரில் ஒரு ஓட்டை வழியாக வெளியே வரும். நான் வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து இழுப்பேன். உள்ளே காற்று வரும். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, கேட்கத்தான் முடியும். சமஸ்தானம் போய் நாடு ஒன்றான பிறகு மின்விசிறி மாட்டினார்கள். என்னை அனுப்பிவிடாமல் டம்ளர் கழுவ வைத்துக்கொண்டார்கள். அது நீ கெஞ்சியதால்தான் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா?

அப்புறம் பொன்மலையிலிருந்து ரயில்வேயில் வேலைபார்க்கும் சட்டைக்காரர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், சனிக்கிழமைதோறும் வர ஆரம்பித்தார்கள். நம்மூர் டாக்டர்களும் பேங்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அஞ்சு மணிக்கு ஆரம்பித்து எட்டு மணிக்கு முடிப்பார்கள், ரயிலைப் பிடிக்கவேண்டுமே. ராக் அண்ட் ரோல் என்றார்கள். ஆணும் பெண்ணும் கையைக் கோத்துக்கொண்டு சுழன்று குதிக்கிறார்கள். கரண்டில் சுற்றுகிற ரெக்கார்டு பிளேயர் ஒன்று வாங்கினார்கள். இதை யார் பார்த்துக்கொள்வது என்று வக்கீல் செக்ரட்டரி கேட்டபோது, நீதான் கரண்டியோடு வெளியே வந்தாய்.

“கருப்பையாவை விடுங்க ஐயா. இந்த ஹாலுக்கு எப்ப வேர்க்கும், எப்ப ஆறும்னு அவனுக்குத் தெரியும்.”

“எழுத்துத் தெரியுமா?”

“அதெல்லாம் தெரியும் ஐயா.”

அன்று ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. இப்படிப் பொய் சொல்லிட்டியே என்று மறுநாள் கேட்டேன். “பொய் இல்லடா. கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன், அவ்வளவுதான்” என்றாய்.

அந்த வயதில் முதல்முதலாக ஹாலுக்கு உள்ளே ஒரு நாற்காலி கிடைத்தது எனக்கு. முள்ளைத் தூக்கித் தட்டின் ஓரத்தில் வைக்கச் சீக்கிரமே பழகிவிட்டேன். ஒரு தட்டு முடிவதற்குள் அடுத்தது எது என்று தெரிந்துவிடும். ஆடுகிறவர்களை நிமிர்ந்து பார்க்கவே வேண்டாம். மரத்தரையில் காலடி கனமாக விழுந்தால் அவர்கள் களைத்துவிட்டார்கள், ஒரு மெதுவான பாட்டு வேண்டும். காலடி லேசாகத் தத்தினால் இன்னும் வேகம் கேட்கிறார்கள். முப்பது வருஷம் சுவருக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து கேட்டது வீண்போகவில்லை மச்சான். தட்டின் பேரை மட்டும் நீ சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் படித்துச் சொல்வாய், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

நீ சீக்காகிக் கட்டிலில் விழுந்ததும் நாம் செய்த ஏற்பாடு ஞாபகம் இருக்கிறதா? நாற்பது தட்டையும் உன் கட்டிலுக்குக் கொண்டுவந்தேன். நீ படிக்கப் படிக்க நான் நடுக்காகிதத்தில் பொட்டு வைத்தேன். குதிக்கிற பாட்டுக்குக் குங்குமம். மெதுவாகப் பிடித்து ஆடுகிற பாட்டுக்குச் சந்தனம். கடைசியில் எல்லாரும் எழுந்து நிற்கிற தேசிய கீதத்துக்கு மட்டும் சந்தனமும் அதன்மேல் குங்குமமும். “நாட்டுக்குன்னா முழு மரியாதை வேணும்டா” என்று நீதான் சொன்னாய்.

ஆடியில் நீ போய்விட்டாய். அதற்கப்புறம் அந்தப் பொட்டுகளை நம்பித்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் உட்கார்ந்தேன். பேர் சொல்லி இந்தப் பாட்டு வேண்டும் என்று யாராவது கேட்டால் மாட்டிக்கொள்வேன். ரெண்டு தடவை வேறு பாட்டைப் போட்டுவிட்டேன். செக்ரட்டரி மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “திருச்சியில ஒரு பையன் இருக்கான் கருப்பையா. சொந்தமா செட்டே வச்சிருக்கானாம். இன்னொரு தடவை ஆச்சுன்னா அவனைத்தான் கூப்பிடணும்.” அந்த நாற்காலி போனால் நான் மறுபடி டம்ளர் தொட்டிக்குப் போகவேண்டியதுதான்.

இப்போது சரஸ்வதி பூஜைக்கு வருகிறேன். கிளப்பைக் கூட்டிப் பெருக்குகிற நம் ராக்காயியை நீ மறந்திருக்கமாட்டாய். பூஜையன்று காலையில் நான் வருவதற்கு முன்பே ரெக்கார்டு பிளேயரைத் துடைத்து மாலை போட்டு, தட்டுகளையெல்லாம் பீரோவில் அடுக்கி, அதன் முன்னால் சரஸ்வதி படத்தை வைத்துவிட்டாள். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை தொடக்கூடாது. நானும் தொடவில்லை.

மறுநாள் விஜயதசமி, சனிக்கிழமை. பொன்மலைக் கூட்டம் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்துகொண்டிருக்கிறது. கற்பூரம் காட்டிவிட்டுப் பீரோவைத் திறந்தேன். மச்சான், நாற்பது தட்டிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். எல்லாத் தட்டும் தேசிய கீதம்!

“ராக்காயி, என்னடி பண்ணி வச்சிருக்க?”

“ஏண்ணே? ஒண்ணுக்குக் குங்குமம் இருக்கு, சந்தனம் இல்ல. ஒண்ணுக்குச் சந்தனம் இருக்கு, குங்குமம் இல்ல. பாவம்ல? ஒண்ணையும் விடாம துடைச்சு, எல்லாத்துக்கும் சரியா வச்சிட்டேன்.”

அவள் முகத்தைப் பார்த்தால் திட்ட வாய் வரவில்லை. அவ்வளவு பக்தியாகச் செய்திருக்கிறாள்.

ஹால் நிறைந்துவிட்டது. செக்ரட்டரி கையைக் காட்டினார். எதை எடுத்தாலென்ன என்று மேலே இருந்த தட்டை எடுத்துப் போட்டேன்.

தேசிய கீதம்.

கையைக் கோத்து ஒரு காலைத் தூக்கி நின்றவர்கள் அப்படியே கையை விட்டுவிட்டு விறைப்பாக நின்றார்கள். செக்ரட்டரியும் நின்றார். நானும் நின்றேன். அந்தப் பாட்டு அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. அந்தத் தட்டுக்கு முன்னாலேயே ரெண்டு பொட்டும் இருந்ததால், சாமிக்கு ரொம்ப வேண்டிய தட்டு என்று ராக்காயி அதை மேலே வைத்திருக்கிறாள். பிற்பாடு சொன்னாள்.

பாட்டு முடிந்தது. செக்ரட்டரி தொண்டையைச் செருமினார். “தேசிய கீதத்தோட கூட்டம் முடியும்கிறது கிளப் விதி. கீதம் ஆயிடுச்சு. கூட்டம் முடிஞ்சுது.”

பொன்மலை ரயில் கார்டின் சம்சாரம் டெய்சியம்மா இருக்கிறாரே, உன் கட்லெட்டுக்காகவே வருவாரே, அவருக்குத் தாங்கவில்லை. “என்ன மேன் இது? ஆடவே இல்லை, அதுக்குள்ள முடிச்சாச்சா?”

“விதி விதிதானேம்மா.”

“சரி மேன். கூட்டம் முடிஞ்சுது. எல்லாரும் வெளியே வாங்க!”

அம்பது பேரையும் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைசி ஆள் படியிறங்கியதும் திரும்பி, குடையை மடக்கிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே வந்தார். “குட் ஈவினிங் செக்ரட்டரி. இன்னைக்கு இங்கே டான்ஸ் இருக்குதாமே?”

செக்ரட்டரி விதிகளை மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். ஒரே நாளில் ரெண்டு கூட்டம் நடத்தக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. “இருக்கும்மா, வாங்க” என்றார். ஹாலே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை, அவர் நேராக என்னிடம் வந்துகொண்டிருந்தார்.

“லேபிளைப் படிச்சுப் போடுறதுக்கு என்ன கருப்பையா?”

கண் மங்கிப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். நீ இருந்திருந்தால் அப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பாய். எனக்கு வாயில் வந்தது உண்மைதான்.

“ஐயா, எனக்குப் படிக்கத் தெரியாதுங்க.”

“சூசை தெரியும்னானே?”

“எனக்காகச் சொன்னாருங்க. அவரைத் தப்பா நினைக்காதீங்க. நான்தான் இத்தனை நாளும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.”

செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தட்டு போடுறதுல ஒன்னைக் குறை சொல்ல முடியாது. ஆனா கேட்டதைப் போடத் தெரியாத ஆளை வச்சுக்க முடியாது. பொங்கல் வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள படி. இல்லைன்னா திருச்சிப் பையன்தான்.”

அன்று டெய்சியம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு லேபிளாகப் படித்துச் சொன்னார். அவர் ஆடவே இல்லை. எட்டு மணிக்குக் கிளம்பும்போது ராக்காயி சமையல்கட்டிலிருந்து ஒரு தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி எடுத்துவந்தாள். “இன்னைக்கு விஜயதசமிண்ணே. எழுத்து ஆரம்பிக்க நல்ல நாளு. ஆரம்பிச்சிருங்க.” ஆனால் யார் விரலைப் பிடிப்பது? அவளுக்கும் எழுத்துத் தெரியாது. டெய்சியம்மா கைப்பையை என் நாற்காலியில் போட்டுவிட்டு என் விரலைப் பிடித்தார். தமிழில் அவருக்குப் பேச்சு மட்டும்தான். அதனால் நான் அரிசியில் எழுதிய முதல் எழுத்து இங்கிலீஷ் ‘ஏ’. வெளியே அவர் புருஷன் ரயில், ரயில் என்று கத்திக்கொண்டிருந்தார்.

மறுநாளே முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். ராக்காயியும் கூடவே வந்தாள். “நான் அழிச்சதை நீங்க எழுதப் போறீங்க. அங்கிட்டு ஒத்தையா எப்படிப் போவீங்க?” என்றாள். தமிழ் எழுத்து ஒரு பக்கம், டெய்சியம்மா எழுதிக்கொடுத்த இங்கிலீஷ் எழுத்து ஒரு பக்கம். இங்கிலீஷில் எழுத்து கம்மி, ஆனால் ஏமாற்றுகிறது. நீ எப்படி மச்சான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே படித்தாய்? மார்கழி முழுக்க டீக்கடைப் பலகை, பஸ் போர்டு, தீப்பெட்டி ஒன்றையும் விடவில்லை. முதல்முதலாக ஒரு லேபிளை நானாகப் படித்த அன்று, யாரும் இல்லாத ஹாலில் அதையே ஆறு தடவை போட்டேன்.

பொங்கல் கழித்து முந்தாநாள் சனிக்கிழமை. செக்ரட்டரி ஒரு பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “யாருக்கு என்ன பாட்டு வேணுமோ சீட்டு எழுதி உள்ளே போடுங்க. கருப்பையா சத்தமாப் படிச்சுப் போடுவான்.” முதல் சீட்டை அவரே போட்டார். கோர்ட்டுக்கு எழுதுகிற மாதிரி எழுதியிருந்தார் மனுஷன். ‘மேற்படி கிளப்பின் இசைத்தட்டுகளில், சென்ற வாரம் இரண்டாவதாக ஒலித்த தட்டை மீண்டும் ஒலிக்கும்படி இதன்மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறது.’

ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்துப் படித்தேன். ‘ஒலிக்கும்படி’யில் நின்றுவிட்டேன். “சீக்கிரம் மேன், ரயில் போயிடும்!” என்று டெய்சியம்மா பின்னாலிருந்து சொன்னார். “படிக்கட்டும்மா” என்றார் செக்ரட்டரி. படித்து முடித்தேன். தட்டைத் தேடி எடுத்து லேபிளையும் படித்துக் காட்டிவிட்டுப் போட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். திருச்சிப் பையனைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

ஒவ்வொரு சீட்டாகப் படித்தேன். கடைசியில் டின்னில் ஒரு சீட்டு பாக்கி இருந்தது. அது நான் எழுதியது, உனக்குப் பிடித்த பாட்டுக்கு. யாரும் பார்க்காதபோது மடித்துப் போட்டுவிட்டேன். நானே எடுத்தேன், நானே சத்தமாகப் படித்தேன்: ‘பியானோவை ஒருவன் பிடித்து உலுக்குகிற பாட்டு. கேட்பது சூசை, சமையல்கட்டு.’

“உறுப்பினர் மட்டும்தான்...” என்று செக்ரட்டரி எழுந்தார். வந்து சீட்டை வாங்கிப் பார்த்தார். என் கோணல் எழுத்து அது என்று யாருக்கும் தெரியும். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “போடு” என்றார்.

போட்டேன் மச்சான். அம்பது பேரும் குதித்தார்கள். சமையல்கட்டு வாசலில் ராக்காயி விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு காலால் தாளம் போட்டாள். சத்தம் அங்கே வரை வந்ததா?

இனி வாரம் ஒரு சீட்டு உன் பேரில் விழும். எந்தத் தட்டு போட்டேன், யார் கால் இடறினார்கள், புதுச் சமையல்காரனின் கட்லெட்டை டெய்சியம்மா என்ன சொன்னார் என்று அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்துவிடுவேன். திங்கட்கிழமைக்குள் முடித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். கை கொஞ்சம் வேகமாகிக்கொண்டு வருகிறது.

பெண் எடுக்காமலும் கொடுக்காமலும் உனக்கு மச்சானாகிப்போன,
கருப்பையா