உட்காரும் வேலை வேண்டாம்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்தே மேல்காற்று. மாடியில் காயப்போட்ட துணியில் பாதி பக்கத்து வீட்டில். மகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, ஒன்றாம் வகுப்பு. அவள் அழவில்லை. நான்தான் ஆட்டோ திரும்பும்வரை தெருவிலேயே நின்றேன்.

உள்ளே வந்ததும் இவரிடம் சொல்லிவிட்டேன், நான் வேலைக்குப் போகிறேன் என்று. ஆறு வருஷம் வீட்டில் இருந்தது போதும்.

"கடை இருக்கையில வேலை என்னத்துக்குளா? கல்லாவுல உக்காரு. ஃபேன் ஓடுது, நேரத்துக்கு டீ வருது."

எங்கள் ஸ்டேஷனரி கடையைச் சொல்கிறார். நாள் முழுக்க நோட்டு, பேனா, ஜெராக்ஸ். மனுஷர் கெட்டவர் இல்லை. ஆனால் அது அவர் ஆசைப்பட்டு வைத்த கடை, நான் ஆசைப்பட்டது இல்லை. ஒருவழியாகப் பேசி இந்த மாதக் கடைசிவரை தவணை வாங்கியிருக்கிறேன். அதற்குள் கிடைக்காவிட்டால் ஜூலை ஒன்றிலிருந்து கல்லாவில் நான். கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஜூன் 10, செவ்வாய்

நமக்கேற்ற வேலையைத் தேடுவது எப்படி என்று யூடியூபில் ஒருவர். கோட்டு, டை, பின்னால் மணி பிளான்ட். முந்தின வேலையில் கடிகாரம் பார்க்காத நேரங்களைப் பட்டியல் போடச் சொல்கிறார். போட்டேன். (கப்பல் ஏஜென்சி, ஐந்து வருஷம், சரக்குக் காகிதங்கள் டைப் அடித்தது.)

— சீல் நம்பர் காகிதத்தோடு இடிக்கிறது, நேரில் பார்த்து வா என்று கன்டெய்னர் யார்டுக்கு அனுப்பிய நாள்
— அதற்கப்புறம் பொய்க் காரணம் சொல்லி யார்டுக்குப் போன நாட்கள்
— வேறு இல்லை

எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே சிரிப்பு. ஐந்து வருஷம் தப்பான நாற்காலியில் இருந்திருக்கிறேன்! எனக்கு வேண்டியது யார்டு. காலி கன்டெய்னர் பெட்டியைச் சோதித்து எடுக்கிற, சரக்கு ஏற்றும்போது கூட நிற்கிற வேலை. வெயில், தூசி, லாரிச் சத்தம். ஆமாம், அதேதான்.

சாம்பார் அடிப்பிடித்தது. மேலாக எடுத்துச் சமாளித்தேன்.

ஜூன் 12, வியாழன்

ரெஸ்யூம். போனில் ஏ.ஐ.யிடம் கேட்டதும் கண்மூடித் திறப்பதற்குள் ஒரு பக்கம். 'துடிப்பும் பேரார்வமும் நிறைந்த நிபுணர்.' யாரம்மா அது? அழித்தேன். இடைவெளி தெரியாமல் இருக்க 'ஆலோசகர்' என்று ஏதாவது போடச் சொல்கிறார் கோட்டுக்காரர். மாட்டேன். 'ஆறு வருடம் பிள்ளை வளர்த்தேன்.' ஒரே வரி. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அவர் சொன்னதில் ஒன்று உருப்படி. மனுப் போடுவதற்கு முன் அந்த வேலையைச் செய்கிறவரிடம் பேசு. துறைமுகச் சாலை டீக்கடைக்குப் போனேன். சூசை அண்ணன், புன்னைக்காயல்காரர், யார்டில் பெட்டி சோதிக்கிற செக்கர். பழைய ஆபீஸ் நாட்களிலிருந்தே தெரியும்.

"பொம்பளைய யார்டுல நிறுத்த மாட்டாவ தங்கச்சி. கஷ்டம்னு இல்ல. பழக்கம் இல்ல, அம்புட்டுதான்."

"உங்களுக்கு எப்படிண்ணே?"

"நம்பரைச் சரியா எழுதுனா ஆரு நின்னா எனக்கென்ன?"

ஒரு மணி நேரம், ஆறு பக்கக் குறிப்பு. பெட்டியில் பார்க்க வேண்டியவை: தரை, வாடை, கதவு ரப்பர், கூரை. கூரை ஓட்டை வெளியே நின்றால் தெரியாது. உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்ல வேண்டும். எங்கேயாவது வெளிச்சம் வந்தால் அங்கே ஓட்டை. "இப்பம் எவன் உள்ள போறான்? வெந்துருவான்லா!"

வீட்டுக்கு வந்ததும் சூசை அண்ணன் யார்டுக்கே மனு அனுப்பினேன். யார்டு சூப்பர்வைசர் என்று தெளிவாகவே போட்டேன்.

ஜூன் 14, சனி

எரிச்சல். இவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வியாபாரிகள் சங்கத்து அண்ணாச்சியிடம் போயிருக்கிறார். ஒரு கிலோ மக்ரூனோடு. அண்ணாச்சி யார்டு மேனேஜருக்குப் போன் போட்டுவிட்டார்.

"நல்லதுக்குத்தானளா செஞ்சேன்?"

நல்லதுக்குத்தான். தெரியும். அதனால்தான் கத்தவும் முடியவில்லை. நானாக ஒரு கதவைத் தட்டினேன், அதற்குள் பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போய் வைக்கப் பார்க்கிறார்கள். வீட்டுக்கும் கால் கிலோ மக்ரூன் வந்தது. கோபத்தோடேயே ஐந்து தின்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்டர்வியூ. பயந்தபடியே ஆனது.

"அண்ணாச்சி சொல்லிட்டாவ. நம்ம வீட்டுப் பிள்ள. ஃப்ரன்ட் ஆபீஸ் சீட் போட்டாச்சு. ஏசி. ஒம்பதரைக்கு வந்தா போதும்."

"நான் மனுப் போட்டது யார்டுக்கு சார்."

மேனேஜர் சிரித்தார். "வெயில்ல கறுத்துப் போவியேம்மா."

"ஏற்கெனவே கறுப்புத்தான் சார்."

சிரிப்பு நின்றது. விடவில்லை நான். ஒரே ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள், சம்பளம் வேண்டாம் என்றேன்.

"சரி, வியாழக்கெழம வா. சாயங்காலம் நீயே ஃப்ரன்ட் ஆபீஸ் கேப்ப."

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. கைக்கு வந்ததைத் தட்டிவிட்டேனே! இவரிடம் சொன்னதும், "ஏசி சீட்டை வேண்டாம்னியா? கிறுக்காளா ஒனக்கு?" ஆமாம் என்றேன். பயமாகத்தான் இருக்கிறது. நாளைக்கே திரும்பக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

ஜூன் 19, வியாழன்

ஹெல்மெட் பெரிசு, கண்ணை மறைக்கிறது. ஆரஞ்சுச் சட்டையில் யாருடைய வியர்வையோ. காலை எட்டு மணிக்கே இரும்பு சுட்டது.

ஒன்பது காலிப் பெட்டி. வெளிநாட்டுக்கு, மருந்துக்குப் போகிற அவுரி இலைக்கு. சோதனைச் சீட்டு என் கையில், கூட சூசை அண்ணன். ஒவ்வொன்றிலும் உள்ளே போனேன், கதவைச் சாத்தச் சொன்னேன். அடுப்புக்குள் நிற்கிற மாதிரி. ஐந்தாவதில், கூரை மூலையில், கடுகளவு வெளிச்சம். பக்கத்தில் இன்னொன்று.

"டேப் ஒட்டி ஏத்துங்க. கப்பலுக்கு நேரமாவுது. கையெழுத்துப் போடும்மா," என்றார் சரக்குக்காரரின் ஆள்.

"போட மாட்டேன். இலை நனைஞ்சா பூசணம் பிடிச்சிரும்."

"நீ ஆரு? இன்னைக்கு வந்தவதான?"

"இன்னைக்கு வந்தவதான். கையெழுத்து என்னோடதுல்லா!"

சூசை அண்ணன் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். "அவ சொல்லுதது சரி. பெட்டிய மாத்துங்கய்யா." மாற்ற இரண்டு மணி நேரம். மேனேஜருக்குப் போன் மேல் போன். கிளம்பும்போது என் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

முடிந்தது என்றுதான் நினைக்கிறேன். மூக்கு எரிகிறது, குதிகால் தெறிக்கிறது. அழுதேன், குளியலறையில், குழாயைத் திறந்து விட்டு. இவர் மோர் கரைத்துத் தந்தார். இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. வேறு இரண்டு யார்டுக்கு மனு அனுப்பிவிட்டுப் படுக்கிறேன்.

ஜூன் 21, சனி

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். பத்து மணிக்குப் போனேன்.

"வேலை தெரியுது. ஒத்துக்கிடுதேன். ஆனா ஒண்ணும்மா..." ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "யார்டுல லேடீஸ் டாய்லெட் கெடையாது. அதான் பொம்பளையப் போடுததில்ல."

அடப்பாவிகளா! வெயில், பழக்கம், கறுப்பு என்று சொன்னதெல்லாம் இதற்குத்தானா?

கேட் ஆபீஸுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிற டாய்லெட் ஒன்றை வியாழக்கிழமையே பார்த்திருந்தேன்.

"அது ஆருக்கு சார்?"

"மேலதிகாரிக வந்தா."

"இந்த வருஷம் எத்தன தடவ வந்தாவ?"

சாவிக்காக மேஜைமேல் கையை நீட்டினேன். மூன்று இழுப்பறை தேடி எடுத்துக் கொடுத்தார். துருப்பிடித்த சாவி. பூட்டு திறக்கவில்லை. சூசை அண்ணன் பூட்டை உடைத்தார். உள்ளே காகிதக் கட்டு, ஒட்டடை, ஒரு பல்லி. ஆனால் குழாயில் தண்ணீர் வந்தது.

திங்கள் எட்டு மணிக்கு வேலை. யார்டில். நான் ஏழு மணிக்கே போக வேண்டும். துடைப்பம், பிளீச்சிங் பவுடர், வாளி, புதுப் பூட்டு ஒன்று. சாயங்காலமே வாங்கியாயிற்று. இவர் பூட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு சாவி இருக்கே. இன்னொண்ணு ஆருக்கு?"

"அடுத்து வாரவளுக்கு."