ஏழாம் தளத்துப் படிக்கட்டு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். பேத்திக்குச் சளி விட்டதா? இங்கே எனக்கு முட்டிவலி வழக்கம்போல. அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார், பேப்பர் படிக்கிறார். போனில் பேசினால் பாதியிலேயே நீ என்னைச் சமாதானம் செய்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அந்தச் சுற்றுலாக் கப்பல்காரர்கள் நம்மை மறுபடி இலவசமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள், நீயும் சரி என்றுவிட்டாய் என்று மருமகள் சொன்னாள். தீப்பிடித்த அன்று எல்லோரையும் அருமையாகப் பார்த்துக்கொண்டார்கள் என்று நீ இணையத்தில் பாராட்டி எழுதியதையும் அனுப்பியிருந்தாள். படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். அப்பாவோ, "அவனுக்கு ஒண்ணும் எழுதாதே, மனசு கஷ்டப்படுவான். போயிட்டு வந்துடலாம்" என்கிறார். அவர் பேச்சை மீறித்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் ஆபத்து ஒத்திகை நடத்தினார்களே, நினைவிருக்கிறதா? அப்பா மாதிரி சக்கர நாற்காலிக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. "சார் சிரமப்பட வேணாம், ரூம்லயே டீ குடிச்சிட்டு இருக்கட்டும்" என்று மேலாளர் குழைந்தார். என்ன மரியாதை என்று நாம் எல்லோரும் பூரித்துப்போனோம். அந்த மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில் போட.

சமையலறையில் தீப்பிடித்து மணி அடித்ததும் லிப்ட்டை நிறுத்திவிட்டார்கள். எங்களை ஏழாம் தளத்துப் படிக்கட்டு ஓரமாக ஒதுக்கினார்கள். "இவங்களை நாங்க பார்த்துக்கறோம், நீங்க குழந்தையோட இறங்குங்க" என்றார்கள் உன்னிடம். நீ இறங்கினாய். கையில் குழந்தை இருந்தது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அவர்கள் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேள். ஆளை உட்காரவைத்துப் படியில் இறக்கும் நாற்காலி ஒன்று சுவரில் பளபளவென்று தொங்கியது. அதை எடுக்க வந்தது யார் தெரியுமா? மாலை நிகழ்ச்சியில் ஆடும் இரண்டு பெண்கள், போட்டிருந்த ஜிகினா உடையோடு. அது அவர்களுக்குக் கொடுத்த பொறுப்பாம். பாவம், விரிக்கவே தெரியவில்லை. ஒருவழியாக விரித்தால், ஆளைக் கட்டும் பெல்ட்டைக் காணோம். நீச்சல் குளத்துக் குடைகளைக் கட்டிவைக்க யாரோ கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள். மேலாளர் வந்து அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "வெயிட்டான ஆளு, கடைசியா பார்த்துக்கலாம்" என்று அவர் காதுபடவே சொல்லிவிட்டு, அந்தப் பெண்களையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார். ஏதோ மூட்டையைப் பற்றிப் பேசுவதுபோல.

புகை நாற்றம் மேலே வந்தது. அப்பா என்னைப் போகச் சொல்லிக் கெஞ்சினார், பிறகு திட்டினார். நான் கைக்குட்டையால் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பயணிகள் அனைவரும் படகுகளருகே பத்திரமாகக் கூடிவிட்டதாகக் கேப்டன் ஒலிபெருக்கியில் அறிவித்தார். நீயும் அதை நம்பியிருப்பாய். கீழே நீங்கள் எல்லோரும் கைதட்டியது எங்களுக்குக் கேட்டது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் அப்பாவுக்கு உடுப்பிலேயே சிறுநீர் போய்விட்டது. தீ அணைந்து லிப்ட் ஓடும்வரை ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. நீ வந்தபோது என் சால்வையை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாரே, அது குளிருக்காக இல்லை.

மறுநாள் அறைக்குப் பழக்கூடை வந்தது. அதற்கு ரிப்பன் வேறு கட்டியிருந்தார்கள். எனக்குத் துப்பத் தோன்றியது.

அந்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. பாராட்டை எடுத்துவிட்டு, நடந்ததை எழுது. அந்தப் பாராட்டை நம்பி இன்னொருவர் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஏறிவிடப் போகிறார்.

லீவு கிடைத்தால் நீ மட்டும் வா. நம் கட்டடத்து லிப்ட்டும் பழுதாகிக் கிடக்கிறது. அப்பா வெளியே இறங்கி வெகுநாள் ஆகிறது. தூக்கி இறக்குகிறோம் என்று பக்கத்து வீட்டார் வந்தார்கள். "வேணாம்பா, நான் வெயிட்டான ஆளு" என்று அனுப்பிவிட்டார். அப்படியொன்றும் கனமில்லை, தினமும் கட்டிலிலிருந்து நான்தான் தூக்குகிறேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். வந்ததும் இதைப் பற்றி அப்பாவிடம் ஒன்றும் கேட்காதே. நீ ஒரு தடவை அவரைத் தூக்கி இறக்கினால் போதும்.

உன் அம்மா