அந்தச் சதுப்பு எப்போதாவது வற்றியதுண்டா?

ஏனுங்க,

நீங்கள் கண்மூடிய பிறகு, இப்படிக் கூப்பிட்டு இரண்டு வருஷமாகிறது. இப்போது ஒரு கேள்வி இருக்கிறது. பதில் தெரிந்தவர் நம் கட்டபெட்டு ஊர் முழுக்கத் தேடினாலும் நீங்கள் ஒருவர்தான்.

நம் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் தரும் சதுப்பு இந்தச் சித்திரையில் மேலே காய்ந்து வெடித்துவிட்டது. நீங்கள் அடைப்பெடுத்துப் பார்த்துக்கொண்ட குழாயில் தண்ணீர் நூலாக ஒழுகுகிறது. சதுப்பை ஒட்டிய நிலத்துக்காரர் அதில் மண் கொட்டிக் காட்டேஜ் கட்டப்போவதாகப் பேச்சு.

அந்த வாரம்தான் ஈரநிலங்களைக் கணக்கெடுக்கும் பெண் ஒருவர் வந்தார். பொறுமையாகச் சொன்னார்: "வருசம் பூரா தண்ணி நின்னா நிரந்தரம்னு எழுதுவோங்க. சில மாசம் மட்டும் நின்னா பருவகாலம். மழை பெஞ்சப்ப மட்டும் வந்துட்டுப் போனா தற்காலிகம். மேல தண்ணியே தெரியாம, அடியில ஈரம் வத்தாத நிலமும் உண்டுங்க. இது எந்த வகைன்னுதான் தெரியல."

பிறகு கேட்டார்: "முன்னால எப்பவாச்சும் முழுசா வத்தியிருக்குதுங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுச் செல்வி என் கையைக் கிள்ளினாள். "வத்துனதே இல்லீன்னு சொல்லீருங்கக்கா. அப்பத்தான் மண்ணு கொட்ட விடமாட்டாங்க."

நாக்கு வரை வந்தது. "தெரியலீங்க. எங்க ஊட்டுக்காரருதான் அங்க போவாரு" என்றேன்.

கோடைகளில் முழங்கால்வரை சேறோடு வருவீர்கள். கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவீர்கள். அது ஊறிய சேறா, கடைசி ஈரமா? அதை நான் கேட்கவும் இல்லை, நீங்கள் சொல்லவும் இல்லை.

அந்தப் பெண் சதுப்பின் நடுவில் ஒரு குழி தோண்டச் சொன்னார். செல்வி மண்வெட்டி பிடித்தாள். வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். அப்புறம் அடியில் கலங்கலாக ஒரு கை நீர் ஊறியது. செல்வி அழுதுவிட்டாள்.

"ஒரு தடவை பார்த்து முடிவு பண்ணக் கூடாதுங்க. அடுத்த கோடையிலயும் வர்றேன். அதுவரைக்கும் எந்த வகைன்னு எழுத மாட்டேன்" என்றார் அவர்.

நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் திங்கட்கிழமை சதுப்பின் மேல் ஓரத்தில் இரண்டு டிப்பர் செம்மண் இறங்கியிருக்கிறது. யார் கொட்டியது என்று தெரியவில்லை. தாசில்தாரிடம் மனு கொடுத்திருக்கிறோம். வண்டிச் சத்தம் கேட்டாலே கையில் வேலை ஓடவில்லை. அடுத்த கோடைவரை அந்த இடம் இருக்குமா?

இனி மாதம் தவறாமல் செல்வியும் நானும் கீழே இறங்கி, தோண்டிப் பார்ப்போம். அந்தப் பெண் மறுபடி வந்து கேட்கும்போது, தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். வற்றியிருந்தால் வற்றியது என்றே சொல்வேன். அப்படிச் சொல்லும் நாள் வந்துவிடுமோ என்பதுதான் என் பயமெல்லாம்.

உங்கள் ஊட்டுக்காரி,
மல்லிகா