அம்மா அசைந்துவிட்ட படம்

அன்பு மகள் வாலுக்கு அப்பா எழுதுவது. முப்பத்தொரு வயதானவளை இன்னும் வாலு என்று கூப்பிடலாமா என்று போன முறை கேட்டாய், எனக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை, பொறுத்துக்கொள். நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி, நன்றாக இருக்க வேண்டும், அதை முதலில் எழுதிவிடுகிறேன். நாங்களும் இங்கே அப்படியே இருக்கிறோம் என்று அடுத்த வரியில் எழுதுவது என் வழக்கம். இரண்டு வருடமாக விடாமல் எழுதியும் வந்தேன். இன்றைக்கு அந்த வரியை எழுதப் போவதில்லை. உட்கார்ந்து படி அம்மா, காலேஜுக்குக் கிளம்புகிற அவசரத்தில் நின்றுகொண்டே படிக்காதே. ஃபோனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் பாதியில் அழுதுவிடுவேன், நீ அங்கே தனியாகப் பதறுவாய். தவிர உறைக்குள் ஒரு படம் இருக்கிறது, அதைக் கையில் வைத்துக்கொண்டு நீ இதைப் படிக்க வேண்டும்.

நான் கேமரா வாங்கிய கதையை உனக்குப் பாதிதான் சொன்னேன். ரிடையர் ஆன மனுஷனுக்குப் பொழுது போகவில்லை என்று நீ சிரித்தாய், நானும் சேர்ந்து சிரித்தேன். நடந்தது வேறு. போன வருடம் உன் பிறந்தநாளன்று, சுவரில் மாட்ட அம்மா படம் ஒன்று அனுப்புங்கப்பா என்று கேட்டாயே, அன்றைக்கே ஃபோனில் முப்பது நாற்பது படம் எடுத்தேன். ஒன்றுகூட அனுப்பும்படி இல்லை. நம் கூடத்து வெளிச்சம் உனக்குத் தெரியும், மத்தியானத்திலேயே விளக்குப் போட வேண்டும். எல்லாப் படத்திலும் அம்மாவின் வலது கை மட்டும் கலைந்து போயிருந்தது. ஏனென்றால் அந்தக் கை நிற்பதில்லை. அம்மாவுக்கு நடுக்குவாதம். வந்து இரண்டு வருடமாகிறது. முதலில் ஒரு விரல், பிறகு கை, இப்போது நடையும் குறுகிவிட்டது, குரலும் இறங்கிவிட்டது. என் கடிதத்தின் அடியில் அவள் எழுதும் இரண்டு வரி ஏன் நின்றது என்று கேட்டதற்குக் கண்ணாடி உடைந்துவிட்டது என்று எழுதினேன். கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது, கைதான் எழுதவில்லை. வீடியோவில் பேசும்போது இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டுதான் உட்காருவாள். சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியதே அவள்தான். சொன்னா அவ போட்டது போட்டபடி வந்து நிப்பா, அந்த வெளிநாட்டுப் படிப்பு பாதியில நின்னா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணுமாம், நம்மால அவ கெட வேண்டாங்க என்றாள். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

உன் பாஸ்போர்ட் படத்துக்குக் காது தெரியணும் காது தெரியணும் என்று முடியை ஒதுக்கியே உன்னை அழ வைத்தாரே ஸ்டூடியோக்காரர், நீகூடக் காது அண்ணன் என்று பெயர் வைத்தாய், அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஃபோன்ல ஆகாது சார், பெரிய கேமராவுல ஷட்டர் வேகத்த நாமளே வெச்சுக்கலாம், செகண்டுல ஐந்நூத்துல ஒரு பங்குன்னு வெச்சா ஓடுற நாயே நிக்கும், அம்மா கை நிக்காதா என்றார். அவர் புதுசு வாங்கியதால் பழையது கண்ணாடி அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது. எண்பதாயிரம் படம் எடுத்து ஓய்ந்த பெட்டி, பிடிக்கிற இடத்து ரப்பர் உரிந்து பசை போட்டு ஒட்டியிருந்தது. லென்ஸைக் கழற்றி ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். முப்பத்துநாலு வருடம் எக்ஸ்ரே படம் பார்த்த கண்ணாயிற்றே, ஓரத்தில் நூல் மாதிரி பூஞ்சை இருந்ததைக் கண்டுபிடித்து, ஆரம்ப நிலைதான், பயப்பட ஒன்றுமில்லை என்று அவருக்கே ரிப்போர்ட் சொன்னேன். சிரித்துவிட்டு இன்னொரு பேட்டரியும் சேர்த்துக் கொடுத்தார். அது அரை மணி நேரத்தில் மூச்சை விட்டுவிடும், அது வேறு விஷயம். வாங்கிய மறுநாளே சண்டைக்குப் போனேன், எதைப் பார்த்தாலும் மங்கலாகத் தெரிகிறது, ஏமாற்றிவிட்டாய் தம்பி என்று. அவர் கேமராவை வாங்கி, கண் வைத்துப் பார்க்கிற ஓட்டைக்குப் பக்கத்தில் குண்டுமணி அளவு ஒரு சக்கரம், அதை நாலு திருகு திருகிக் கொடுத்தார். இத்தனை நாள் அது அவர் கண்ணுக்குத் திருகி வைத்திருந்ததாம். எக்ஸ்ரே மிஷினையே கட்டி மேய்த்தவனுக்கு இது எம்மாத்திரம் என்று நினைத்தவன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். லென்ஸின் துளை பெரிதானால் எண் சிறிதாகுமாம், இந்தத் தலைகீழ்க் கணக்கு மண்டையில் ஏறவே ஒரு வாரம். வேகத்தைக் கூட்டினால் இருட்டடிக்கும், அதற்காகக் கேமராவின் உணர்திறனைக் கூட்டினால் முகத்தில் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக வரும். கடைசியில் காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் நாற்காலி போட்டால்தான் ஐந்நூறு சரிப்படும் என்று பிடிபட்டது. அம்மாவை உட்கார வைத்து, பழக்க தோஷம், மூச்சை இழு, பிடி, அசையாதே என்று சொல்லித்தான் பொத்தானை அமுக்குவேன். பிறகு விடலாம் என்பேன், அவளும் விடுவாள். ஆஸ்பத்திரில கூட்டம் கம்மியாயிடுச்சுன்னு வீட்டுலயே கடை போட்டுட்டீங்களா என்று கேட்பாள். முதல் நல்ல படம் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மடியில் கை அப்படியே நின்றது. நோயே இல்லை என்று சத்தியம் செய்யலாம் போல இருந்தது. அதைத்தான் உனக்கு அனுப்பினேன்.

நீ இரண்டு வாரம் கழித்துக் கேட்டாய், அம்மாவுக்கு என் மேல இன்னும் கோவம் போகலையாப்பா, படத்துலகூட இப்படி முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களே என்று. சேச்சே என்று மழுப்பினேன். மழுப்பிவிட்டு, சரிக்கட்டுகிறேன் பேர்வழி என்று இன்னும் ஒன்பது படம் அனுப்பினேன், எல்லாவற்றிலும் கையும் நின்றது, முகமும் நின்றது. இந்த நோய் முகத்தையும் பிடித்துக்கொள்ளும் வாலு. உள்ளே சிரிப்பாள், முகத்துக்கு வந்து சேராது. டாக்டர் இதை முதல் நாளே விளக்கிச் சொன்னார், ஆஸ்பத்திரியில் காலம் தள்ளிய எனக்குத் தெரியாததும் அல்ல. தெரிந்தும் உன்னிடம் வாயைத் திறக்கவில்லை. நீ கிளம்பிய அன்று அம்மா, நான் தடுத்தும் போறவ இனி என் முகத்துல முழிக்காத என்று சொல்லிவிட்டு, வாசலுக்குக்கூட வராமல் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாளே, அந்தச் சொல்லை நீ பெட்டியோடு சுமந்துகொண்டு போயிருக்கிறாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதன் பிறகு அம்மாவிடம் ஃபோனைக் கொடுங்கள் என்று நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். போன மாதம், இந்த வருஷம் லீவுக்கு வரலைப்பா என்றாய். நான் கையை மறைக்கப் போய், உன் அம்மாவைக் கோபக்காரியாக்கி உனக்கு அனுப்பியிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை வானம் மூடிக் கிடந்தது, பத்து மணிக்கே கூடம் இருட்டு. விரலுக்குப் பயிற்சி வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் அம்மா ஜன்னலோரம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். உன் பழைய பாடப் புத்தகங்களை அடுக்கி அதன் மேல் கேமராவை வைத்து, மூச்சை இழு, பிடி என்றேன். படம் கறுப்பாக வந்தது. வேகத்தைக் குறைக்கலாம் என்று சக்கரத்தைத் திருப்பினேன், கண்ணாடி நெற்றியில் இருந்ததால் எண் சரியாகத் தெரியவில்லை, ஐம்பது என்று நினைத்து வைத்தது சைபர் புள்ளி ஐந்து, அதாவது அரை செகண்டாம், அது பிறகுதான் தெரிந்தது. இந்த அமளியில் விடலாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். அவள் பாவம், நான் சொல்வேன் சொல்வேன் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் பொத்தானை அமுக்கவும், அவளுக்குத் தாங்காமல் மூச்சு வெடித்துக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. விடச் சொல்லாம எங்க போனீங்க, நான் போய்ச் சேந்துட்டா யாரு பதில் சொல்றது என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள் பார், மடியிலிருந்த பட்டாணியெல்லாம் தரையில் ஓடியது. அவள் அப்படிச் சிரித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

படத்தைப் பார்த்தேன். கொஞ்சம் வெளுத்திருந்தது. முகம் லேசாக இரட்டித்திருந்தது, வலது கை இருந்த இடத்தில் ஆவி மாதிரி ஒரு வெண்மைதான். நாற்காலி முதுகும் ஜன்னல் கம்பியும் துல்லியமாக விழுந்திருந்தன. ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு படம் வந்தால் நோயாளி அசைந்துவிட்டார், மறுபடி எடுக்கவும் என்று எழுதித் தூக்கிப் போடுவேன். அந்தப் பழக்கத்தில் அழிக்கிற பொத்தானுக்கு விரல் போய்விட்டது. எப்போது எழுந்து வந்தாளோ, பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். அழிக்காதீங்க, இதுலதான் நான் இருக்கேன், மத்ததுல எல்லாம் யாரோ உக்காந்திருக்கா என்றாள். அவள் கை என் கையையும் கேமராவையும் சேர்த்து ஆட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. நீ கேட்டதை, கோபம் போகலையா என்று கேட்டதை, அப்படியே அவளிடம் கொட்டிவிட்டேன். அவளுக்கு அதுவரை தெரியாது. கோவமா, அவ மேலயா, அவதான் என் மேல கோவிச்சுக்கிட்டுப் பேசறதில்லைன்னு நெனச்சேன் என்றாள். முகம் துளி மாறவில்லை வாலு, கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுதிடுங்க, எல்லாத்தையும் எழுதிடுங்க, அந்தப் படத்தையும் வைங்க என்றாள்.

வைத்திருக்கிறேன். படம் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதே, அம்மா அப்படித்தான் இருக்கிறாள். காலையில் மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் நன்றாக இருக்கிறாள், அந்த நேரமும் வர வரக் குறைகிறது. வைகாசியில் குளியலறையில் ஒரு முறை விழுந்தாள், எலும்புக்கு ஒன்றுமில்லை, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி நானே பார்த்தேன். உன் படிப்பு முடியப் பதினாலு மாதம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். வா என்றும் சொல்ல வாய் வரவில்லை, வராதே என்றும் சொல்ல மனசு வரவில்லை. நீ எந்த முடிவு எடுத்தாலும் அப்பாவுக்கு உன் மேல் வருத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நம்மூர் நேரம் காலை பதினோரு மணிக்குக் கூப்பிடு, அப்போதுதான் அவள் குரல் கேட்கும்படி இருக்கும். அவள் பதில் சொல்ல நேரமாகும், வைத்துவிடாதே, காத்திரு. குளிரில் வெறுங்காதோடு அலையாதே. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடாதே.

நூறு வயது நன்றாக இருப்பாய், உனக்கு ஒரு குறையும் வராது. இந்தத் தாளின் அடியில் அம்மாவுக்குப் பழையபடி இடம் விட்டிருக்கிறேன். என்ன எழுதப் போகிறாள் என்று என்னிடம் சொல்லவில்லை, என்னை எழுந்து போகச் சொல்லிவிட்டாள். முதல் எழுத்து பெரிதாக இருக்கும், போகப் போகச் சிறுத்துவிடும், கடைசிச் சொல்லுக்குப் பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா

போட்டது போட்டபடி வா. வந்து என் முகத்தில் முழி.
அம்மா