டி.வி.யில் சாகக் கிடந்தவள்

அன்பு மகளுக்கு,

உன் அம்மா எழுதுகிறேன். நான் நலம். எல்லாரும் வழக்கத்துக்கு எழுதுகிற நலம் இல்லை இது, நிஜமாகவே நலம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், மாடிப்படி ஏறி இறங்குகிறேன், முழங்கால் மட்டும் பழையபடி முனகுகிறது. உன் அப்பாவும் நலம், பேச்சுதான் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? என் நலத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முகத்தை மறைத்த ஒரு ஆள் போலீஸ்காரர் முன்னால் நடுரோட்டில் நின்று அழுகிற வீடியோ உன் போனுக்கும் வந்திருக்கும். அதில் சாகக் கிடப்பதாகச் சொல்கிறாரே ஒரு மனைவி, அது நான்தான். பதறிப்போய் டிக்கெட் கிக்கெட் போட்டுவிடாதே. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே வந்து நின்றுகொள்கிறார், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அந்த டிராஃபிக் போலீஸ் நிகழ்ச்சி வருகிற அன்றைக்கு நம் வீட்டு ஹால் கோர்ட்டாகிவிடும், உனக்கே தெரியும். கீழ்வீட்டுத் தையல்காரி, மேல்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார், உன் அத்தை எல்லாரும் நம் வீட்டில்தான். அந்தக் கறுப்புக்கண்ணாடி போலீஸ்காரர் ஒரு வண்டியை ஓரங்கட்டினால் போதும், இங்கே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். தையல்காரி எப்போதும் ஓட்டுகிறவன் பக்கம், "பாவம், என்ன அவசரமோ" என்பாள். வாத்தியார் சட்டத்தின் பக்கம். உன் அப்பா எந்தக் கட்சியிலும் அடங்கமாட்டார், நேரே தூக்குத்தண்டனைதான். "லைசென்ஸைக் கிழிச்சுப் போடுங்க சார், இவனையெல்லாம் ரோட்ல விடலாமா" என்று டி.வி.யைப் பார்த்துக் கத்துவார். சிவப்பு விளக்கைத் தாண்டினவன் என்றால் படுக்கப் போகிறவரைக்கும் திட்டு ஓடும். போன மாதம் ஒரு வாரம் மட்டும் நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் நம் மருந்துக்கடையிலிருந்து வந்தார், கடையில் கூட்டம் என்றார். இன்றைக்கு யாரைப் பிடித்தார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. சளி பிடிக்கப்போகிறது போலிருக்கிறது என்று கஷாயம் போட்டுக் கொடுத்தேன், மறுபேச்சில்லாமல் குடித்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் எல்லாரும் வந்து உட்கார்ந்ததும், இன்றைக்கு வேறு ஏதாவது பார்க்கலாமே என்று ரிமோட்டைத் தேடினார். ரிமோட் உன் அத்தை கையில். உன் அத்தை கையிலிருந்து ஒரு பொருளை யாராவது பிடுங்கிப் பார்த்திருக்கிறாயா? நான் டீயோடு ஹாலுக்கு வரும்போது, சிவப்பில் தாண்டின ஒரு ஆளை நிறுத்தி வைத்திருந்தார்கள். முகத்தைக் கட்டம் கட்டமாக மறைத்து, குரலை வாத்துக் குரலாக்கியிருந்தார்கள். அந்த ஆள், மனைவி ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடுகிறாள், கிட்னி இரண்டும் போச்சு, இதயம் வீங்கிப்போச்சு, நுரையீரலில் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டே போகிறார், கூடவே மருந்துப் பெயர், அளவு, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பதுவரை. எந்த ஆஸ்பத்திரி என்று கறுப்புக்கண்ணாடி கேட்டார். இவர் பெரிய ஆஸ்பத்திரி என்றார். "அது உங்களுக்குப் பின்னாடி இருக்கு சார், நீங்க எதிர்ப்பக்கமில்ல போறீங்க" என்றார் அவர். உடனே அந்த ஆள் அழ ஆரம்பித்தார் பார், தோள் குலுங்கக் குலுங்க அழுகை. போலீஸ்காரர் அசையவே இல்லை, "அழுது முடிங்க, அதுக்குள்ள நான் எழுதி முடிச்சிடறேன்" என்றார்.

ஹால் கொதித்துவிட்டது. வாத்தியாரே கட்சி மாறிவிட்டார். எல்லாருக்கும் முந்தி "மனுஷனா இவன், இவனுக்கெல்லாம் பெண்டாட்டி பிள்ளை கிடையாதா" என்று கத்தியது நான்தான். தையல்காரி, "அந்த அம்மா பிழைச்சு வீட்டுக்கு வரணும்" என்று அழுதுகொண்டே என் கையிலிருந்து டீயை வாங்கினாள். அந்த நேரம் பார்த்து காமிரா காரின் பின்பக்கம் திரும்பியது. பின் கண்ணாடி ஓரமாக டிஷ்யூ பெட்டி, அதன் மேல் நான் பின்னிப்போட்ட மஞ்சள் பூ உறை, நூல் தீர்ந்துபோய் ஒரு இதழ் மட்டும் பச்சையாகப் பின்னினேனே, அதேதான். திரும்பிப் பார்த்தால் உன் அப்பா சுவர்க் காலண்டரை ஊன்றிப் படித்துக்கொண்டிருக்கிறார். எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "திடீர்னு வாயில வந்துடுச்சு" என்றார். கிட்னி, இதயம், நுரையீரல் எல்லாமேவா வாயில் வந்தது, வேலை செய்கிற உறுப்பு ஒன்றாவது எனக்கு மிச்சம் வைத்தீர்களா என்று கேட்டேன்.

ஒரே வீட்டுக் கூத்தாகப் போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் ஊரெல்லாம் இதே பேச்சு. ரேடியோவைத் திருப்பினால் போன் போட்டு அழுகிற குரல்கள். டி.வி.யில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள், அதில் ஒரு டாக்டர் இத்தனை வியாதி உள்ளவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் என்றார். ஆஸ்பத்திரி எதிர்ப்பக்கம் இருந்ததே என்று ஒருவர் வாயைத் திறந்தார், துக்கத்தில் இருப்பவனுக்குத் திசை தெரியுமா என்று மற்ற மூன்று பேரும் அவர்மேல் பாய்ந்தார்கள். காய்கறிக் கடையில் என்னிடமே, பாவம் அந்த அம்மா, இருக்கிறதோ போய்விட்டதோ என்றார்கள், நான் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெருக்காரர்கள் ஆளுயர வாழ்த்து அட்டை ஒன்று செய்து, பிழைத்து வாருங்கள் அம்மா என்று எழுதி, டி.வி. ஆபீஸுக்கு அனுப்ப வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். மருந்துக்கடைக்குக் கொண்டுபோனதும் உன் அப்பா போட்டுவிட்டார். தையல்காரி நம் வீட்டுக்குக் கொண்டுவந்து நீட்டினபோது நான் என்ன செய்வேன், நானும் எனக்கே கையெழுத்துப் போட்டேன். இந்த மனுஷர் அன்றைக்கு ராத்திரி மெதுவாக வந்து, எப்படியும் உனக்கு முழங்கால் வலி இருக்கிறதே, பேருக்கு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டு வந்தால் என்ன என்று யோசனை சொல்கிறார். கரண்டியை எடுக்கப் போனேன், ஓடிவிட்டார்.

சிரித்துக்கொண்டே இருந்திருப்பேன், ஆனால் கறுப்புக்கண்ணாடியை ரோட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், விசாரணை, வேலையே போகலாம் என்று பேப்பரில் வந்தது. கண்ணாடி போடாத போட்டோ போட்டிருந்தார்கள். உன் வயசுதான் இருக்கும், கண்ணுக்குக் கீழே வீங்கி, ஒழுங்காகத் தூங்கி நாளானமாதிரி ஒரு முகம். சிவப்பில் தாண்டினவரைப் பிடித்ததைத் தவிர அந்தப் பிள்ளை என்ன தப்பு செய்தது? எனக்குச் சோறு இறங்கவில்லை. போய் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். உன் அப்பா, "மருந்துக்கடைக்காரன் பொய் சொன்னான்னு தெரிஞ்சா அப்புறம் எவன் நம்மகிட்ட மாத்திரை வாங்குவான்" என்றார். அதுவும் நியாயம்தான், நம் வீட்டு அடுப்பு அந்தக் கடையால் எரிகிறது. ஆனாலும் அந்தப் போலீஸ்காரப் பிள்ளை வீட்டிலும் ஒரு அடுப்பு இருக்கிறதே, நீங்கள் வராவிட்டால் நான் தனியாகப் போகிறேன் என்று சாவியை எடுத்தேன். பின்னாலேயே வந்து வண்டியில் ஏறினார். நான்தான் ஓட்டினேன்.

விசாரணை நடக்கிற ஆபீஸ் வாசலில் எனக்காக நீதி கேட்டு ஒரு கூட்டம். கொஞ்சம் வழி விடுங்கள் என்றேன், "பின்னால போங்க பெரியம்மா, இது ஒரு உயிர்ப் பிரச்சினை" என்று என்னையே தள்ளினார்கள். இடித்துப் பிடித்து உள்ளே போனால் பெரிய அதிகாரி, டி.வி.க்காரப் பெண், ஓரத்தில் அந்தப் போலீஸ்காரர், சுவரில் சாய்த்து வைத்த என் வாழ்த்து அட்டை. நான்தான் அந்தச் சாகக் கிடக்கிறவள் என்றேன். யாரும் நம்பவில்லை! டி.வி.க்காரப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கேஸை மூட டிபார்ட்மென்ட்ல ஆள் செட்டப் பண்ணிட்டாங்களா, கன்னமெல்லாம் இவ்ளோ நல்லா இருக்கே" என்கிறாள். உயிரோடு இருப்பதற்கு இவ்வளவு சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும் என்று நான் கண்டேனா. அதுவரை என் முதுகுக்குப் பின்னால் நின்று ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பா முன்னால் வந்தார். கிட்னியில் ஆரம்பித்து அந்தப் பட்டியலை வரிசை மாறாமல், சாப்பாட்டுக்கு முன் பின் உட்பட ஒப்பித்தார். அதன்பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்படி எங்கே சார் அவசரமாகப் போனீர்கள் என்றார் அதிகாரி. வீட்டுக்கு என்றார். வீட்டில் என்ன அவசரம் என்றார். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "இந்தப் போலீஸ் நிகழ்ச்சி ஆரம்பிச்சிடுமேன்னுதான்" என்றார். அதிகாரி குனிந்து மேஜைக்கடியில் எதையோ தேடினார், சிரிப்பை அங்கே வைத்துவிட்டு வந்தார் என்று நினைக்கிறேன்.

போலீஸ்காரர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, "ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார், ரோட்ல நான் பாக்காத அழுகை இல்ல, பொய் அழுகை எனக்குத் தெரியும், உங்களுது பொய் இல்ல, அது என்னை அரிச்சுக்கிட்டே இருக்கு" என்றார். உன் அப்பா சுவரில் சாய்ந்திருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு, "பொய்யாதான் ஆரம்பிச்சேன் தம்பி, கிட்னி போச்சுன்னேன், ஹார்ட் போச்சுன்னேன், சொல்லிக்கிட்டே இருக்கும்போது இவ இல்லாத வீட்டுக்குள்ள கதவைத் திறந்துக்கிட்டுப் போறமாதிரி இருந்துச்சு, உள்ள இருட்டு, லைட்டு போட ஆளில்ல, அதுக்கப்புறம் என்னால நிறுத்த முடியல" என்றார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவர் என்னிடம் சொன்னதில்லை, அதையும் என்னிடமா சொன்னார், போலீஸிடம் சொன்னார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்துகொண்டு வந்தது, கோபத்தைத்தான் வெளியே விட்டேன். வீட்டில் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று இன்னும் தெரியாதா உங்களுக்கு என்று அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டுவிட்டேன்.

போலீஸ்காரர் பழையபடி ரோட்டுக்கு வந்துவிட்டார். உன் அப்பா முகத்தை மறைக்க வேண்டாம் என்று சொல்லி, அதே நிகழ்ச்சியில் மன்னிப்புக் கேட்டார். இப்போது ஊர் அவரைத் திட்டுகிறது, நாலு பேர் மறுபடியும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். கடைக்கு வருகிறவர்கள், இது நிஜ மாத்திரைதானே என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள், ஆனால் வாங்குகிறார்கள். தையல்காரி மட்டும் என்னோடு பேசுவதில்லை, நான் சாகவில்லை என்பதில் அவளுக்கு மனத்தாங்கல். அட்டையை என்னிடமே கொடுத்துவிட்டார்கள், பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது.

நீ அங்கே வண்டி ஓட்டும்போது சிவப்பு விழுந்தால் நில். போலீஸ் கேட்டால் உண்மையைச் சொல், என்னைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்காதே. இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல், சண்டை போட்டாலும் அன்றைக்கே பேசித் தீர்த்துக்கொண்டு, நீண்ட நாள் நன்றாக இருங்கள். இதை உன் அப்பாவுக்குத் தெரியாமல் எழுதி முடிக்கலாம் என்று பார்த்தேன். பொழுது சாய்ந்ததும், யாரும் சொல்லாமல் தானாக வந்து விளக்கைப் போட்டார், பார்த்துவிட்டார். முழுக்கப் படித்துவிட்டு, தானும் ஒரு வரி எழுத வேண்டும் என்று பேனாவைக் கேட்கிறார், கொடுக்கிறேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

உன் அம்மா நலம். இந்தத் தடவை பொய் இல்லை. - அப்பா