ஏலத்தில் வாய் திறக்காதவர்கள்

புல்மோட்டை,
12.02.1956

அன்புள்ள ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்களும் மச்சானும் தங்கச்சி ரபீக்காவும் சுகம்தானே? அவளுக்கென்று ஒரு வீடு கட்டாமல் எந்த மாப்பிள்ளையும் வரப்போவதில்லை. என் கடைக்காசில் அத்திவாரம்கூட எழும்பாது. உங்கள் சீதன வீட்டை ஈடு வைத்தால், வட்டிக்குக் கொடுக்கும் முதலாளி நாலாயிரம் தருகிறாராம். அவரே வீடு வீடாக வந்து கேட்கிறார். திருகோணமலையில் நம் தெருவில் மட்டும் பதினாலு பேர் வைத்தாயிற்று. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நம் வளவுக் காணியில் கட்டி, கல்யாணம் வரைக்கும் துறைமுக டொக்யார்ட்காரருக்கு வாடகைக்கு விடுவோம். மாதம் நாற்பத்தைந்து. வட்டி அதிலேயே போகும், முதல் பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டு உறுதிப் பத்திரம் உங்கள் பேரில் இருப்பதால் உங்கள் கையொப்பம் வேண்டும். கொஞ்சம் மனம் வையுங்கள்.

உங்கள் தம்பி,
ஸுஹைர்


திருகோணமலை,
20.03.1958

அன்பின் தம்பிக்கு, ஸலாம்.

உன் கடிதம் வந்து இரண்டு மாதம். ராத்தாவை மறந்துவிட்டாயோ?

வெள்ளைக்காரர் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுப் போய் ஐந்து மாதம். டொக்யார்ட்டில் ஆட்களை நிறுத்திக்கொண்டே இருக்கிறார்கள். ரபீக்கா வீட்டில் வாடகைக்கு இருந்த கதிராமனும் வெருகலுக்குப் போய்விட்டார். "குறை நினையாதேங்கோ அக்கா, வேலை இல்லாமல் இருக்க ஏலாது" என்றார். தெரு முழுக்க வீடுகள் சும்மா கிடக்கின்றன. பத்து ரூபாய் வாடகைக்கும் கேட்பாரில்லை. எல்லாரும் விற்கத்தான் நிற்கிறார்கள். என் வீட்டை விற்றாலும் கடனுக்குக் காணாது. வட்டி கட்டாமல் நிற்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ராத்தா,
ஸாலிஹா


புல்மோட்டை,
04.03.1959

அன்புள்ள ராத்தாவுக்கு, ஸலாம்.

உங்கள் வீட்டில் முதலாளி ஏல அறிவித்தல் ஒட்டியதை மச்சான் சொல்லி அனுப்பினார். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, உங்களிடம் சொல்லாமல் திருகோணமலைக்கு வந்து, காசுள்ள ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனேன். "பொம்புளப்பிள்ளைட சீதன வீடு, ஆரும் ஏலத்தில கேட்கப்படாது" என்று கையைப் பிடித்தேன். கலீலுர் றஹ்மான் காக்காவும் வாக்குத் தந்தார். வாங்க ஆளில்லாவிட்டால் முதலாளி என்ன செய்வார்? தவணை தரத்தான் வேண்டும். அழாதீர்கள்.

ஸுஹைர்


திருகோணமலை,
21.03.1959

தம்பி ஸுஹைருக்கு, ஸலாம்.

ஏலம் முடிந்தது. உனக்குத் தந்த வாக்கை எல்லாரும் காப்பாற்றினார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதலாளி தானே ஆயிரத்துக்குக் கேட்டார், அவருக்கே விழுந்தது. மிச்சக் கடன் அப்படியே நிற்கிறது. அதற்கு ரபீக்காவின் வீட்டையும் எடுக்கிறார்.

கலீலுர் றஹ்மான் காக்கா மச்சானிடம், "நான் மூவாயிரத்து ஐந்நூறு வரைக்கும் கேட்க இருந்தனான். ஸுஹைர் வந்து கையைப் பிடிச்சதால விட்டுட்டன்" என்றாராம். அவர் கேட்டிருந்தால் மிச்சக் கடனுக்கு என் காப்புகளே போதியிருக்கும். ரபீக்காவின் வீட்டிலாவது எல்லாரும் இருந்திருப்போம்.

வாடகை தந்துகொண்டு இங்கேயே இருக்கலாம் என்று முதலாளி சொன்னார். மாப்பிள்ளையாக வந்த வீட்டில் வாடகைக்கு இருக்க மச்சானுக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறோம். ரபீக்கா சாமான் கட்டுகிறாள்.

நீ நல்லது நினைத்துத்தான் செய்தாய், தெரியும். ஆனாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு உன்னில் கோபம்.

இந்த விலாசத்துக்கு இனி எழுதாதே. புது விலாசத்தை இதில் எழுதவில்லை. எழுத மனம் வந்தால் எழுதுவேன்.

ஸாலிஹா