எதிரில் ஒரு நாற்காலி

திருவண்ணாமலை
9.2.2001

மஸ்கட்ல இருக்கிற உங்களுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம்.

செங்கம் ரோட்டுல உங்க அண்ணன் லாட்ஜ்ல, போன மாசம் கொஞ்சம் தமிழ் தெரிஞ்ச ஒரு ஜெர்மன்காரம்மா தங்கியிருந்தாங்க. அவங்க வேலை செய்யுற கார் கம்பெனியில தொழிலாளிங்க முதலாளிக்கு எதிர்ல உட்கார்ந்துதான் பேசுவாங்களாம். உங்க கம்பெனியில வெள்ளிக்கிழமை லீவு கேட்ட ரெண்டு பேரை ஊருக்கே அனுப்பிட்டாங்கனு எழுதியிருந்தீங்க. இங்க அப்படியெல்லாம் கிடையாது. முதலாளியை நான் மாமானுதான் கூப்பிடுறேன்.

திங்கக்கிழமை, ரூம் பெருக்குற நாங்க நாலு பேரும் ஆபீஸ் ரூமுக்குப் போனோம். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிர்ல உட்கார்ந்தேன். வாரத்துல ஒரு நாள் எங்களுக்கு லீவு வேணும்னு கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கலை. "தம்பி வரட்டும், அவன்கிட்ட பேசிக்கிறேன்"னார்.

மறுநாள் அந்த ரூம்ல அவர் நாற்காலி மட்டும்தான் இருந்தது.

இன்னைக்கு நம்ம வீட்டுலேர்ந்து ஒண்ணு எடுத்துட்டு வந்துட்டேன். நீங்க உட்கார்ற நாற்காலி. லீவுல வரும்போது வீட்டுல தேடாதீங்க. இந்தக் கடுதாசியை அதுல உட்கார்ந்துதான் எழுதுறேன். உங்க அண்ணன் எதிர்லதான் இருக்கார்.

உங்கள் மனைவி